சுங்குவார்சத்திரத்தில் எட்டு முகங்கள்

இங்கே வந்த முதல் வாரத்தில், சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த ஒரு சுவரொட்டியைப் பார்த்து நடுங்கிப் போனேன். மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்து. நடுவில் மாலை போட்ட ஒரு பெரியவர். கீழே வட்ட வட்டமாக இருபது முகங்கள்: கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞர்கள், மீசையை முறுக்கியவர்கள், ஒரு கைக்குழந்தை. ஒரே நாளில் இத்தனை பேரா, பேருந்து ஏதாவது கவிழ்ந்துவிட்டதா என்று என் கணவர் தயாளனிடம் பதறிக் கேட்டேன். "அட, செத்தது நடுவுல கீறவரு மட்டும்தான். கீழ கீறவங்கள்லாம் வருத்தப்படறவங்க" என்று சொல்லிவிட்டு நடுரோட்டில் நின்று சிரித்தார். மலேசியாவில், நான் பிறந்து வளர்ந்த கிள்ளானில், எங்களுக்கு இப்படி ஒரு பழக்கம் இல்லை. யாராவது தவறிவிட்டால் பத்திரிகையில் ஒரு சின்னக் கட்டம், வீட்டு வாசலில் ஒரு கூடாரம், அவ்வளவுதான். வருத்தப்படுகிறவர் தன் முகத்தையும் அச்சடித்து ஊருக்குக் காட்டலாம் என்பதே எனக்குப் புதிய செய்தி.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் விமலா. மூன்று தலைமுறைக்கு முன் இந்தப் பக்கத்திலிருந்துதான் எங்கள் ஆட்கள் ரப்பர் தோட்டத்துக்குக் கப்பல் ஏறினார்கள் என்பார்கள். எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. தயாளன் இங்கே பக்கத்தில் பென்னலூர்க்காரர். கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கு ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்தவர், ஏழு வருடம் இருந்தார், ஐந்தாவது வருடம் என்னைக் கட்டிக்கொண்டார். ஒப்பந்தம் முடிந்ததும் நானும் கூடவே கிளம்பி வந்துவிட்டேன். ஒன்பது வருடமாகிறது. அவர் ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் சுங்குவார்சத்திரத்தில், தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் ஒரு விடுதிக்கு வார்டன். கிள்ளானிலிருந்தும் காப்பாரிலிருந்தும் இதைப் படிக்கிற உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நான் இங்கே நன்றாக இருக்கிறேன். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் 'பாவம்' என்கிற குரலில் என்னை விசாரிக்க வேண்டாம்.

ஆனால் மொழி என்னை ஏமாற்றியது. தமிழ்தானே, என்ன சிரமம் என்று வந்தேன். விடுதிக்கு எதிரே குமாரி அக்காவின் இட்லிக் கடை. வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, நம் ஊர் வழக்கப்படி மரியாதையாக, "பசியாறிட்டீங்களாக்கா?" என்று கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாமா, என்னப் பாத்தா பட்டினி கெடக்கறவ மாதிரியா கீது?" காலைச் சாப்பாட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம் என்று விளக்கப் போய், அது இன்னும் குழப்பமாகி, கடைசியில் கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று முதல் என் பெயர் 'மலேசியா'. வல்லக்கோட்டையில் முருகன் முன்னால் நிற்கும்போது மட்டும்தான் முதல் நாளிலிருந்தே எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

நான் சொல்ல வந்தது இதையெல்லாம் அல்ல. இந்த வருடம் நடந்த ஒன்றை.

வடக்கே, ரயிலில் போனால் இரண்டு நாள் ஆகும் தூரத்தில், ஒரு சிறு நகரத்தின் பேருந்து நிலையத்தில் ஒருவன் அரிவாளோடு புகுந்து, பேருந்துக்குக் காத்திருந்தவர்களைக் கண்டபடி வெட்டினான். எட்டுப் பேர் இறந்துபோனார்கள். ஏன் செய்தான் என்று இன்றுவரை யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்த ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு அது இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் தெரிந்த ஊராகிவிட்டது. அதற்கு என் பங்கும் வேண்டாம்.

செய்தி வந்த மறுநாள் காலை, குமாரி அக்கா கடையில் எல்லோருடைய கைபேசியிலும் அதே காணொளிதான். நான் பார்க்க மறுத்தேன். அக்கா பார்த்துவிட்டிருந்தார். இட்லித் தட்டைத் துடைத்தபடியே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அதுல ஒரு பொண்ணு, மலேசியா. கழுத்துல டேக்கு மாட்டிக்கினு கெடக்குது. டூட்டிக்குப் போவ நின்னுகினு இருந்துகீது."

இந்தப் பக்கத்தில் அதற்குமேல் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை காலை ஆறு மணிக்குச் சாலையில் நிற்கிற எல்லோர் கழுத்திலும் ஒரு பட்டை, அதில் ஒரு அட்டை, அட்டையில் ஒரு முகம். இறந்தவள் யாரோ அல்ல, அவர்களுடைய தொழிற்சாலைப் பேருந்துக்கு நின்றவள் மாதிரி ஆகிவிட்டது. அன்று மத்தியானத்துக்குள், ஆட்டோ நிறுத்தத்துச் செயலாளர் முரளியும் அக்காவும் பேசி முடித்துவிட்டார்கள். மறுநாள் மாலை ஐந்தரைக்கு, பேருந்து நிறுத்தத்தில் அஞ்சலி. எட்டுப் பேர் படத்தோடு ஃபிளெக்ஸ். மெழுகுவத்தி. பூ.

எனக்கு அது பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலையிலேயே ஃபிளெக்ஸ் வந்து நின்றுவிட்டது. அதில் இறந்தவர்கள் எட்டுப் பேரும் உள்ளங்கை அளவு. ஓரத்தில் கைகூப்பி நிற்கிற உள்ளூர்ப் பிரமுகர் ஆள் உயரம். பார்த்ததுமே தயாளனுக்குப் போன் போட்டேன். "தெரியாதவங்க சாவுக்கு இப்படி ஊரைக் கூட்டி அழுறது வேஷம் மாதிரி இருக்குங்க" என்றேன்.

"வேஷம் போடறவனும் வருவான். வரட்டுமே" என்றார். "நம்ம ஊர்ல எளவு வுழுந்தா தெருவே போவும். அவன் யாரு, இன்னா உறவுன்னு கேட்டுக்கினா போறோம்? உங்க ஊர்ல எப்படி?"

வேலை இருக்கிறது என்று போனை வைத்தேன். அன்று பகல் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு முன் நான் தங்கியிருந்தது கிள்ளானில் ஒரு பதினான்கு மாடி அடுக்கு வீட்டில். வாசலில் ஒரு நேப்பாளக் காவலாளி. காவலாளியை நாம் 'ஜாகா' என்போம். அவரையும் அப்படித்தான் கூப்பிட்டோம். மூன்று வருடம் தினமும் காலையில் எனக்கு கேட்டைத் திறந்துவிட்டவர். மழை பெய்தால் என் மோட்டார் சைக்கிள் இருக்கையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து வைப்பார். ஒரு விடியற்காலையில் திருட வந்தவர்கள் அவரைப் பாராங் என்கிற வெட்டுக்கத்தியால் வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். நான் வேலைக்குக் கிளம்பி இறங்கியபோது போலீஸ்காரர் ஒருவர் குறிப்பேட்டோடு நின்றிருந்தார். "இவர் பெயர் என்ன?" என்று வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டார். மலாய்க்காரர், சீனர், தமிழர், எல்லோரும் உதட்டைப் பிதுக்கினோம். யாருக்குத் தகவல் சொல்வது என்றும் தெரியவில்லை. நான், "ஜாகா" என்று சொன்னேன். அவர் அதை எழுதவில்லை.

மறுநாள் அதே நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நம் நாட்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கீழ்த்தளத்துச் சீனக் கிழவி ஒருவர், அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஆரஞ்சுப் பழமும் மூன்று ஊதுவத்தியும் வைத்தார். ஒரு வாரம் தினமும் வைத்தார். நான் அதைத் தாண்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். நின்று ஒரு நிமிடம் கும்பிட்டிருக்கலாம். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கூச்சமாக இருந்தது. எங்களுக்குத் துக்கம் இல்லாமல் இல்லை. அதை வெளியே வைக்க இடம்தான் தெரியவில்லை.

மாலை ஐந்தரைக்கு நான் போனேன். பூ வாங்கிக்கொள்ளவில்லை, ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன்.

கூட்டம் நான் நினைத்ததைவிடப் பெரிது. பொது ஷிஃப்ட் முடிந்து இறங்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒலிபெருக்கியில் ஷெனாய் அழுதுகொண்டிருந்தது. நடுநடுவே அது நின்று, ஏதோ வீட்டுமனை விளம்பரம் கேட்டது. நாலைந்து பையன்கள் ஃபிளெக்ஸ் முன்னால் நின்று தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டார்கள். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஒவ்வொன்று போகும்போதும் மெழுகுவத்திகள் மொத்தமாக அணைந்தன. குமாரி அக்கா கடைக்கு ஓடிப்போய்க் காலித் தண்ணீர் பாட்டில்களை ஒரு சாக்கு நிறைய அள்ளி வந்து, காய்கறிக் கத்தியால் பாதியாக அறுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மெழுகுவத்தியை நட்டார். பிறகு அணையவில்லை. என் கையிலும் ஒன்றைத் திணித்தார். "வேடிக்க பாக்கவா வந்த? புடி."

அப்போதுதான் பூனம் வந்தாள். என் விடுதிப் பெண். ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைனில் வேலை. வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தமிழை இந்தக் கடைகளில் பொறுக்கிக்கொண்டவள். அதனால் அவள் பேசும் கொஞ்சம் தமிழும் குமாரி அக்காவின் தமிழாகத்தான் இருக்கும். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று சமையற்காரம்மா சொல்லியிருந்தார். ஓ.டி. அதிகமாகப் பார்க்கிறாள், அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக ஃபிளெக்ஸுக்கு முன்னால் போய் நின்றாள். மேல் வரிசையில் மூன்றாவது படத்தைத் தொட்டாள். நரைத்த தாடி வைத்த ஒரு கிழவர். என் பக்கம் திரும்பி, "வார்டன் அக்கா, இது பேர் தப்பு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "என்ன தப்பு?"

"இவரு விகாஸ் இல்ல. இவரு ஹரிலால் சாச்சா. விகாஸ் அத்தோ, கீழ. பேர் மாறிக்கீது."

அந்த ஊர் அவள் ஊர். பதிவேட்டில் அவள் கிராமத்தின் பெயர்தான் இருந்தது. அந்த நகரம் அவள் தினமும் பேருந்து மாறிப் பள்ளிக்கூடம் போன இடம் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு நாளாக அவள் யாரிடமும் சொல்லாமல் அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டே இரண்டு ஷிஃப்ட் வேலை பார்த்திருக்கிறாள்.

முரளி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். பிரமுகர் அரை மணியில் வருகிறார், இனிமேல் எப்படி மாற்றுவது என்றார். பிறகு, அவளைச் சமாதானப்படுத்தும் குரலில்தான் சொன்னார், கெட்ட எண்ணம் இல்லை: "வுடும்மா. இங்க எவனுக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்" என்றாள் பூனம்.

அவள் கத்தவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். முரளி அவளை ஒரு கணம் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கண்டேன். "ஏய், அந்தப் பாட்ட நிறுத்துடா" என்று ஒலிபெருக்கிக்காரரிடம் சத்தம் போட்டார். குமாரி அக்கா கடையில் விலைப்பட்டியல் எழுத வைத்திருந்த வெள்ளைத் தாளும் மார்க்கரும் வந்தன. பூனம் இந்தியில் பெயரைச் சொல்ல, நான் தமிழில் எழுதினேன். ஹரிலால். 'ல'வா 'ள'வா என்று ஒருமுறை கேட்டேன்; அவளுக்கு அது புரியாமல் மறுபடி மறுபடி அதே பெயரைச் சொன்னாள். முரளி தன் ஆட்டோவைப் பின்னால் எடுத்து நிறுத்தி, அதன் மேல் ஏறி, தாளை ஒட்டினார். விகாஸுக்கும் ஒட்டினார். இறங்கி வந்து, "இப்ப கரீட்டா?" என்று அவளிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

குமாரி அக்கா அவளைத் தன் கடை பெஞ்சில் உட்கார வைத்து, "அவரு உனுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார். உறவில்லை, ஊரே அவரைச் சாச்சா, சித்தப்பா என்றுதான் கூப்பிடும் என்றாள். "அப்ப யாரு?"

அவள் சொன்னாள். பாதி தமிழ், பாதி இந்தி, மீதிக் கை ஜாடை. என் விடுதிப் பெண்கள் இரண்டு பேர் மொழிபெயர்த்தார்கள். ஹரிலால் அந்தப் பேருந்து நிலையத்தில் வறுத்த கடலை விற்றவர். பலகையைப் படிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர் வருகிற நிலையம்; அதனால் எந்தப் பேருந்து எங்கே போகிறது என்று நாள் முழுக்கக் கத்திச் சொல்லிக்கொண்டே கடலை விற்பார். யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் எல்லோரையும் தெரியும். பூனம் தமிழ்நாட்டுக்குக் கிளம்பிய அன்று, ரயிலடிக்குப் போகும் பேருந்தை அவர்தான் கத்தி நிறுத்தினார். ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்து, போய்ச் சேர்ந்ததும் போன் போடு என்றாராம். "அவருகிட்ட போனே இல்ல" என்று பூனம் சொன்னபோது அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும். அரிவாளோடு ஒருவன் வந்த அன்றும் அவர் கத்தியிருக்கிறார், பேருந்துப் பெயரை அல்ல, ஓடுங்கள் என்று. அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஓடினோம் என்று தப்பியவர்கள் சொன்னார்களாம்.

அதன் பிறகு நடந்ததை நான் மறக்க மாட்டேன். ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். பிரமுகர் வந்து பேசிவிட்டுப் போனது பாதிப் பேருக்குத் தெரியாது. "எம்மா, அந்த ரெண்டாவது படத்துல கீற அம்மா யாரு?" "அந்த டேக்குப் போட்ட பொண்ணு உனுக்குத் தெரியுமா?" அவளுக்கு மூன்று பேரைத்தான் தெரிந்திருந்தது. தெரியாதவர்களைத் தெரியாது என்று சொன்னாள். கொஞ்ச நேரம் முன்பு தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன், கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, ஹரிலால் படத்துக்குக் கீழே ஒரு காகிதப் பொட்டலம் வேர்க்கடலை வாங்கி வைத்தான். நான் என் கையிலிருந்த மெழுகுவத்தியை அதன் பக்கத்தில் வைத்தேன். வைத்துவிட்டு, பெயர் தெரியாத இன்னொருவருக்காகவும் கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் அங்கே அது கூச்சப்பட வேண்டிய காரியமாக இல்லை.

பூனம் பதின்மூன்றாம் நாள் காரியத்துக்குப் போக வேண்டும் என்றாள். சொந்தம் என்றால்தான் விடுமுறை என்று லைன் சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். விடுப்புக் கடிதத்தில் 'தாத்தா' என்று எழுதினாள். வார்டன் கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினாள். நான் அந்தச் சொல்லைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவள் திரும்பி வரமாட்டாள் என்று குமாரி அக்கா சொன்னார். வீட்டில் பயந்துபோய் விடமாட்டார்கள் என்றார். இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். நேரே அக்கா கடைக்குப் போய் உட்கார்ந்து, "அக்கா, பசிக்கிது" என்றாள். அக்கா அவளை இரண்டு திட்டுத் திட்டிவிட்டு நாலு இட்லி வைத்தார்.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். ஹரிலாலின் மனைவியிடம் இந்த ஃபிளெக்ஸின் படத்தைக் கைபேசியில் காட்டியிருக்கிறாள். மெழுகுவத்திகள், கூட்டம், ஆட்டோ மேல் நிற்கிற முரளி. அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இவர்களெல்லாம் யார் என்று கேட்டிருக்கிறார்.

"நீ இன்னா சொன்ன?" என்றார் அக்கா.

"நம்ம ஊர்க்காரங்கன்னு சொன்னேன்" என்றாள் பூனம். "அவங்க ஃபிளெக்ஸ்ல எழுத்தைக் காட்டிக் கேட்டாங்க: நம்ம ஊர்ல இந்த எழுத்து கெடயாதேன்னு."

அக்கா சட்னியை ஊற்றினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுப்புச் சூட்டில் வேர்த்தது என்றே நானும் வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பூனம் என் அறைக்கு வந்து விடுதிப் பதிவேட்டைக் கேட்டாள். ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கும் நேரே, அவசரத்தில் தகவல் சொல்ல வேண்டியவர் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவள் அப்பாவின் எண் இருந்தது. அதற்குக் கீழே குமாரி அக்காவின் எண்ணையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். "அப்பாவுக்குச் சொன்னா வர ரெண்டு நாள் ஆகும். இவங்க ரோட்டத் தாண்டி வந்துடுவாங்க" என்றாள். அடுத்த ஒரு வாரத்தில் வடக்கிலிருந்து வந்த பெண்கள் மட்டுமல்ல, திருநெல்வேலிப் பெண்களும் தேனிப் பெண்களும் வந்து இரண்டாவதாக ஒரு பெயர் கொடுத்தார்கள். ஒருத்தி முரளியின் எண்ணைக் கொடுத்தாள்.

பதிவேட்டின் கடைசிப் பக்கம் ஊழியர்களுக்கானது. என் பெயருக்கு நேரே தயாளனின் பெயர் மட்டும் இருந்தது. அவரும் நானும் பாதி நேரம் ஒரே வண்டியில்தான் போகிறோம்; விபத்து என்றால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் நடக்கும். அதனால் நானும் எழுதினேன். முதலில் கிள்ளானில் இருக்கிற என் தம்பியின் எண்: அறுபதில் தொடங்குவது. இங்கிருந்து யாராவது கூப்பிட்டால், யாரோ தெரியாத எண் என்று அவன் எடுக்காமலும் போகலாம். அதற்குக் கீழே குமாரி அக்காவின் எண்: தொண்ணூற்று ஒன்றில் தொடங்குவது. கட்டம் ஒரு எண்ணுக்கென்று போட்டது. இரண்டையும் சின்னதாக, ஒன்றன் மேல் ஒன்று இடிக்கும்படி எழுத வேண்டியிருந்தது. அக்காவின் முழுப் பெயர் என்ன என்று அப்போதுதான் யோசித்தேன். பேனாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டே, கேட்டுக்கொண்டு வரலாம் என்று சாலையைக் கடந்தேன்.